நாரி நோவும் ஒட்டுப்பட்டியும்

திருகோணமலைப் பட்டினத்தினின்று வடக்கே கடலோரமாகச் செல்லும் சாலை, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து திரியாயை அடைகின்றது. வயலும் குளமும் சூழ்ந்த பழைய ஊர் அது. அங்குள்ள குன்றின் வடமொழிக் கல்வெட்டொன்று திரபுசகர், வல்லிகர் என்னும் கடலோடி வணிகரைப் பேசுகின்றது. சுமையால் அவர்தம் முதுகு பட்ட பாட்டைப் பேசவில்லை. 50 கிலோ பசளை மூடையைத் தோளில் ஏற்றுபவரும், 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டி வரம்பு வரம்பாக நடப்பவரும், நாள் முழுதும் குனிந்து களை பிடுங்கும் பெண்களும் அப்பாட்டை நன்கு அறிவர். இடுப்பின் பின்புறத்தை ஈழத்துத் தமிழர் நாரி என்பர். நாரி பிடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அன்றைய கூலி போயிற்று என்பதும் அச்சொல்லில் அடங்கும்.

இந்நோவுக்கு உடம்பின் மேலே மருந்து வைத்துக் கட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்து, முதலிற் கட்டையும், அடுத்துப் பற்றையும், அதன்பின் ஒற்றடத்தையும் வைத்துள்ளது. நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடமிடுவதைப் பாட்டிமார் யாரிடமும் படித்தறிந்ததில்லை. திரியாய்க்குச் செல்லும் அதே சாலையில், கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில், இம்மருத்துவம் பட்டப்படிப்பாகவும் கற்பிக்கப்படுகின்றது. ஆகவே, நோகும் இடத்தில் ஒன்றை ஒட்டினால் நோவு தணியும் என்னும் எண்ணம் இம்மண்ணில் ஆழ வேரூன்றியது. புதிய ஒட்டுப்பட்டி வந்தபோது அதற்கு எளிதில் வரவேற்புக் கிடைத்ததும் இதனாலேயே எனலாம்.

அப்பட்டி யாது? காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் போன்றதே. ஆனால் நீளவாக்கில் இழுபடும் பருத்தித் துணியாலானது. ஒருபுறம் பசை பூசப்பட்டிருக்கும். மருந்து எதுவும் அதில் இல்லை. வியர்த்தாலும் குளித்தாலும் சில நாள் உரியாது. 1970களில் யப்பானைச் சேர்ந்த கென்சோ காசே என்பார் இதனை உருவாக்கினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர் பலரின் தோளிலும் காலிலும் வண்ண வண்ணமாக இப்பட்டியைக் கண்ட பின்னரே உலகம் இதனைப் பெரிதும் நாடியது. முதுகை வளைத்து நிற்கச் செய்து, பட்டியைச் சற்றே இழுத்து ஒட்டுவார்கள். நோயாளி நிமிர்ந்ததும் பட்டி சுருங்கும். அதனோடு தோலும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அம்மடிப்புகள் தோலைத் தூக்கி, அடியில் இரத்தமும் நிணநீரும் தடையின்றி ஓட வழிசெய்யும் என்பதும், அதனால் நோவு குறையும் என்பதும் இம்முறையைப் போற்றுவோர் கூற்று.

கேட்பதற்கு நயமான விளக்கம். ஆயினும் மருத்துவத்தில் விளக்கம் வேறு, சான்று வேறு. இவ்விளக்கத்தையே சோதிக்கும் ஆய்வொன்றைப் பிரேசில் நாட்டார் செய்து 2014இல் வெளியிட்டனர். நெடுநாளாக நாரி நோவுற்ற 148 பேரை, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு விதிப்படி இழுத்து, மடிப்பு விழும்படி ஒட்டினர். மறு பிரிவினர்க்கும் அதே பட்டியைத்தான் ஒட்டினர். ஆனால் இழுக்காமல், மடிப்பு விழாதபடி ஒட்டினர். நான்கு வாரத்தில் எட்டு முறை இவ்வாறு செய்து, நோவையும் இயலாமையையும் அளந்து பார்த்தபோது இரு பிரிவினரும் தேறியிருந்தனர். ஆனால் இழுத்து ஒட்டப்பட்டவர் மற்றவரைவிட மிகுதியாகத் தேறவில்லை. மடிப்பு மருந்தாயின், மடிப்பில்லாதவர்க்கு அதே அளவு சுகம் எங்கிருந்து வந்தது?

காலம் ஒரு பங்கு தந்திருக்கும். நோவு மிகுந்த நாளிலேயே மனிதர் சிகிச்சை நாடுவராதலின், அதன்பின் அது ஓரளவு தணிவது இயல்பு. ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கவனித்ததும், தக்கது செய்யப்பட்டது என்னும் நம்பிக்கையும் எஞ்சியதைத் தந்திருக்கலாம். பரியாரியார் கைராசிக்காரர் என்று ஊரார் சொல்வதில் இவ்வுண்மையின் சாயல் உண்டு. இதற்கு முன் 2012இல் இசுப்பானியாவில் 60 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு வாரம் ஒட்டியவர்க்குச் சிறு பயன் தெரிந்தது. எனினும், அது பொருட்படுத்தத்தக்க அளவினதோ என்று ஆய்வாளரே ஐயுற்றனர்.

கழுத்து நோவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வாகன விபத்திற் கழுத்து உதறுண்ட 41 பேரிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், ஒட்டியவுடனும் மறுநாளும் நோவு சிறிது குறைந்திருந்தது. அதற்கு மேல் அவ்வாய்வு தொடரவில்லை.

ஆகவே பட்டி பொய் என்று தள்ளுவதும் முறையன்று. நோவுக்கு அஞ்சி அசையாது கிடப்பவர், பட்டி தந்த தைரியத்தில் எழுந்து நடந்தாரெனில், அவ்வளவில் அது பயன்பட்டது. நாரி நோவில் அச்சத்தினால் படுத்துக் கிடப்பதே பெரும் கேடு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில், நெடுநாள் நாரி நோவுக்கு உடற்பயிற்சியையும், நோயைப் பற்றிய தெளிவூட்டலையும் முன்வைத்தது. இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டிகளை வேண்டாம் என்றது. பயிற்சியைக் கற்பிக்க இயன்மருத்துவர் உளர். பயிற்சிக்கு விலையில்லை. ஒட்டுப்பட்டிக்கு விலையுண்டு, சில நாளுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். ஒருநாள் கூலியை இழந்தவர் இரண்டாம் நாள் கூலியைப் பட்டிக்குக் கொடுக்குமுன், மருந்துத் தாங்கியை அரைவாசி நிரப்பி இருமுறை நடப்பதும், பசளை மூடையை இருவராகத் தூக்குவதும், களை பிடுங்கும்போது இடையிடையே நிமிர்ந்து நடப்பதும் கைகூடுமா என்று பார்ப்பது நன்று.

ஒட்ட விரும்புவோர் புண்பட்ட தோலில் ஒட்டலாகாது. அரிப்போ தடிப்போ கண்டால் உடனே கழற்ற வேண்டும். கழற்றுகையில் எண்ணெய் தடவி, மயிர் படிந்த திசையில் மெல்ல உரித்தால் தோல் கிழியாது.

எல்லா நோவும் ஒரே நோவன்று. காலோ கையோ வலுவிழந்து வருதல், மலசலம் தன்வசமின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராது தடைப்படுதல், இருதொடையின் உட்புறம் மரத்துப்போதல், காய்ச்சலோடு முதுகு நோதல், காரணமின்றி உடல் மெலிதல், மரத்திலிருந்தோ வாகனத்திலிருந்தோ விழுந்தபின் வந்த நோவு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், கட்டோ பற்றோ பட்டியோ போட்டுக்கொண்டு காத்திருத்தல் ஆகாது. மலசலக் கோளாறோ கால் வலுவிழப்போ கண்டவரை இரவாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நாரியில் நரம்புக் கற்றை நெருக்குண்டிருப்பின், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் மீண்டும் வயலில் நடக்கும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும்.