சட்டப் பரீட்சையைப் பின்போடலாமா?

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சட்டக் கல்லூரிப் புகுமுகப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் நம் பிள்ளைகள் சிலர், "இம்முறை எழுதுவதா, அடுத்த முறைக்கு விடுவதா?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், நாட்டில் இடர் வரும்போது பரீட்சையையே பின்போடும்படி கேட்கலாமா என்கிறார்கள். ஒன்றுபோலத் தோன்றினும் இவை வெவ்வேறு வழக்குகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு 2020ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த ஒரு காரியம் நல்ல சாட்சியாக இருக்கிறது.

அங்கே தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இருபதுக்கு மேற்பட்டவை ஒன்றுகூடி, 'கிளாற்' என்னும் பொதுப் பரீட்சையை நடத்துகின்றன. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாட்டுத் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுவே வாசல். அப்பரீட்சை 2020 மே 10ஆம் திகதி நடக்கவிருந்தது. கொரோனா வந்தது; நாடு முடங்கியது. மே 24, யூன் 21, ஓகஸ்ட் 22, செப்டெம்பர் 7 என்று நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று. செப்டெம்பர் 7இல் மேற்கு வங்காளத்தில் முழு அடைப்பு என்று தெரிந்ததும், 28ஆம் திகதிக்கு மாற்றினார்கள்.

அந்தக் கடைசி மாற்றத்தில் நாம் குற்றம் காணமாட்டோம். ஒரு மாநிலத்தார் வீட்டைவிட்டு வெளியேற முடியாத நாளில் பரீட்சை வைப்பது, அந்த மாநிலத்துப் பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதாகும். ஆனால், மே மாதத்துக்கே ஆயத்தமாயிருந்த பிள்ளையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். புத்தகத்தை மூடவும் முடியாது. வேறு வேலை தேடவும் முடியாது. பின்போடும்படி கேட்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர். பெரும்பாலும் அவர் ஏழை வீட்டுப் பிள்ளை.

இதற்கிடையில் பெங்களூரிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் பொறுமை இழந்தது. கல்வியாண்டே வீணாகிவிடும் என்று அஞ்சி, தனிப் பரீட்சை நடத்தப்போவதாகச் செப்டெம்பர் 3ஆம் திகதி அறிவித்து, 12ஆம் திகதி நடத்தியும் விட்டது. அதுவும் வீட்டிலிருந்தபடியே கணினியில் எழுதும் பரீட்சை! அவகாசம் ஒன்பதே நாள். நல்ல கணினியும் இடையறாத இணையத் தொடர்பும் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஒருவரும், பரீட்சார்த்தி ஒருவரின் தந்தையும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டெம்பர் 21ஆம் திகதி நீதிமன்றம் அத்தனிப் பரீட்சையைச் செல்லாததாக்கி, பொதுப் பரீட்சையை 28ஆம் திகதியே நடத்தும்படி பணித்தது. அவ்வாறே நடந்தது.

இதே நீதிமன்றம் அவ்வாண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, மருத்துவ, பொறியியற் புகுமுகப் பரீட்சைகளைப் பின்போடும்படி கேட்ட மனுவைத் தள்ளியும் இருந்தது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் சமமாக மண்டபத்துக்கு வந்து சேர வழியுண்டா? உண்டென்றால் பரீட்சையை நடத்தவேண்டும், இல்லையென்றால் பொறுக்கவேண்டும். அச்சம் உண்டா என்பது வேறு கேள்வி. அச்சமில்லாத பரீட்சை எங்கே இருக்கிறது?

நம் நாட்டையும் பாருங்கள். 2020இல் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் 12க்குப் பின்போடப்பட்டது. அந்த நாள் நெருங்குகையில் கம்பகா மாவட்டத்தில் நோய் மறுபடியும் கிளம்பி, ஊரடங்கும் வந்தது. ஆயினும் அதற்கு மேலும் பின்போடவில்லை. ஊரடங்குப் பகுதிப் பிள்ளைகளும் அனுமதி அட்டையைக் காட்டிப் போய் எழுதினார்கள். பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள் என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. நடத்தியதே முறை என்பது நமது அபிப்பிராயம்.

இனி, தானாகப் பின்போடுகிற பிள்ளையின் வழக்கு. அமெரிக்காவில் சட்டக் கல்லூரிக்கான பரீட்சை ஓராண்டில் பல தடவை வரும். அங்கே ஒரு தவணையை விட்டால் இழப்பது சில மாதங்களே. இங்கே, 1874 தொடக்கம் சட்டம் படிப்பித்துவரும் கொழும்புச் சட்டக் கல்லூரியின் வாசல் ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கிறது. உள்ளே போனபின் மூன்றாண்டுப் படிப்பு, அதன்மேல் ஆறுமாதப் பயிற்சி. இதற்கு முன்னால் நீங்களாக ஓராண்டைச் சேர்த்தால், உங்களை நம்பியிருக்கும் தங்கைக்கும் அது ஓராண்டுதான்.

நோயாளியாய்க் கிடப்பவர் பின்போடட்டும். வீட்டில் இழவு விழுந்தவர் பின்போடட்டும். புத்தகத்தையே திறவாதவருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. "முக்காற்பங்கு படித்துவிட்டேன், முழுவதும் முடியவில்லை" என்பவரே நம் கவலைக்குரியவர். அவர் போய் எழுதவேண்டும். மொழியறிவையும் பொது அறிவையும் சோதிக்கும் பரீட்சைக்கு முழுவதும் படித்து முடித்தவர் என்று எவரும் இலர். மண்டபத்து மணிக்கூடு ஓடும் வேகத்தை வீட்டு மேசையில் இருந்து அறியவும் முடியாது. தவறினாற்கூட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை, திறந்த பல்கலைக்கழகம் என்று வேறு வழிகளும் உண்டு.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். "பிள்ளைக்குச் சனி பிழை, வருகிற ஆண்டு எழுதட்டும்" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் கேட்கிறது. நாம் சைவர்கள். திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படுகையில், நாளும் கோளும் நன்றாயில்லை என்று அப்பர் சுவாமிகளே தடுத்தார். சம்பந்தர் பயணத்தைப் பின்போடவில்லை. கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார். அப்பதிகத்தை வீட்டில் நாள்தோறும் ஓதிக்கொண்டே பிள்ளையின் விண்ணப்பத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது எந்தச் சைவம்?

சபையில் இருக்கும் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து வந்து, முகம் கழுவவும் இடமில்லாமல் காலையில் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை, அங்கே இனசனம் இல்லாத காரணத்தாலேயே அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு உள்ளவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். இரண்டு இரவுக்கு ஒரு பாயும் தலையணையும் தரக்கூடியவர்கள், கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.