விலகும் உரிமை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடி வந்தவர்கள் நாம். நீலசந்திராவில் நம் முன்னோர் குடியேறியதும் வேலையை நம்பியேயாகும். ஆதலின் வேலை பெற்றவனை வாழ்த்துகின்றோம். வேலையை விட்டவனைக் கண்டு வருந்துகின்றோம். ஆயினும் விடத்தக்க வேலையும் உண்டு. அதனை அறிவது எவ்வாறு, விடுவது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

உழைப்புக் கடினமாயிருத்தல் குறையன்று. சொன்ன நாளில் கூலி வாராமை. பிழையைத் திருத்தாமல் பெற்றோரைப் பழித்தல். கழிப்பிடம் செல்லவும் அஞ்ச வேண்டிய நிலை. முறையிட்ட பெண்ணையே குற்றவாளியாக்குதல் - இவையே கெட்ட பணியிடத்தின் அடையாளங்கள். இவற்றினும் தெளிவான அடையாளம் ஒன்றுண்டு. போகின்றேன் என்பவரைச் சான்றிதழைப் பிடித்து வைத்தும், முன்பணத்தைக் காட்டியும் தடுக்கும் இடம் எதுவோ, அதுவே முதலில் விடத்தக்க இடம்.

இது நம்மவர்க்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பலர், வழிச்செலவுக்கே கங்காணியிடம் கடன்பட்டனர். வேறு தோட்டம் செல்லத் துரை தரும் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டுபவரிடம் இவர்களை அனுப்பலாம் என்று அதில் எழுதியிருக்கும். தோட்டம் மாறிற்று, துரை மாறினார், கடன் மட்டும் கூடவே சென்றது. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. இந்தியாவிலும், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டால் தண்டிக்க 1859-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடந்தந்தது. 1925-இல் இயற்றிய சட்டமே அதனை நீக்கிற்று. விலகும் உரிமை எளிதில் வந்ததன்று.

நம் நகரிலேயே ஒரு சான்று உண்டு. வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்கலாகாது என்று 2016-இல் நடுவண் அரசு விதி செய்தது. அவ்வாண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தனர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். 19-ஆம் நாளே அரசு விதியைக் கைவிட்டது. வேலையை விட்டபின் அடுப்பெரிய உதவும் பணம் அது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று துண்டு எழுதுபவர் யார்? பல வேளைகளில் துரையல்லர், நாமே. திருமணக் கடனும், மாதத் தவணையும், "எங்கும் இப்படித்தான், பொறுத்துக்கொள் அம்மா" என்னும் சொல்லுமே நம் மகளைக் கெட்ட இடத்தில் கட்டிப்போடுகின்றன. வாசலைத் திறந்துவிட வேண்டியது வீடு. முகம் வாடி வருபவரிடம் சம்பளத்தைக் கேட்குமுன் நலத்தைக் கேளுங்கள். மூன்று மாத உணவுச் செலவையேனும் சேர்த்து வையுங்கள்.

விலகுவோர் சினத்தில் விலகலாகாது. இயன்றவரை அடுத்த வேலையைத் தேடிக்கொள்க. விலகலை எழுத்தில் தந்து படியொன்றை வைத்துக்கொள்க. 5 ஆண்டு தொடர்ந்து உழைத்த நிலையான பணியாளர், பணிக்கொடை பற்றிய சட்டவிதிகளுக்கு உட்பட்ட இடத்தில் தாமே விலகினாலும், ஆண்டுக்கு 15 நாட் சம்பளம் பணிக்கொடையாகப் பெறுவார். வைப்பு நிதி விதிகள் மாறுவன, அலுவலகத்தில் கேட்டறிக. பாலியல் தொல்லை நேர்ந்தால், 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழுவிடம் 3 மாதத்திற்குள் முறையிடுக. வேலையை விட்டதனால் அவ்வுரிமை போய்விடாது. உயிருக்கோ மானத்திற்கோ இடர் நேருமாயின், இவ்வேற்பாடுகளுக்குக் காத்திராது அன்றே வெளியேறுக.

வேலையை விட்டு வரும் பிள்ளைக்கு நம் காலனியில் எந்த வீட்டுக் கதவும் அடைபடலாகாது. இவ்வாண்டு விழாவில் நாம் அனைவரும் அவ்வுறுதியை ஏற்போமாக.