வீட்டில் செய்த விமானம் எவ்வளவு உயரம் ஏறும்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் மெட்ரிகுலேஷன் குமாஸ்தாவுக்கு ஆகாய விமானத்தில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். எடையும் ஏற்றமும் பற்றிய பேச்சென்றால் ரயில்வேக்காரனுக்கும் அதில் சிறிது பங்குண்டு என்பதே என் விடை.

குளிர்காலத்து விடியலில், மூடுபனி விலகிய நாட்களில், இந்தச் சிலிகுரியிலிருந்தே காஞ்சன்ஜங்காவைக் கண்டு மகிழ்கிறோம். அதன் உயரம் 28,169 அடி. எவரெஸ்ட் 29,032 அடி. 1996-ஆம் ஆண்டில் ஜிம் பிரைஸ் என்னும் அமெரிக்கர் ஒரு சிறு விமானத்தில் 35,027 அடி உயரத்தை எட்டினார். 1,000 கிலோவுக்குட்பட்ட விமானங்களின் பிரிவில் அது உலக சாதனையாயிற்று. அவர் ஏறிச் சென்றது தொழிற்சாலையில் வார்த்தெடுத்த விமானம் அன்று. வரைபடத்தை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிக்கொள்ளும் இனத்தைச் சேர்ந்தது. அதன் பெயர் லாங்-ஈஸி.

இதனை வடிவமைத்தவர் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பட்டறை வைத்திருந்த பர்ட் ரூட்டான். முதன்முதலாக 1979-இல் பறந்தது. தெர்மோகோலைப் போன்ற நுரைக்கட்டியைச் சூடேறிய கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத்துணியைப் பிசினில் தோய்த்து ஒட்டுவார்கள். காய்ந்தபின் அது பெரும் பாரத்தைத் தாங்கும். வெறும் விமானத்தின் எடை சுமார் 320 கிலோதான். தெருவில் ஓடும் சிறிய காரும் அதைவிடக் கனமானது. எஞ்சின் பின்புறம், சிறு இறக்கையொன்று மூக்கருகே. நிறுத்தி வைக்கும்போது முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றிக்கொள்ளும். பார்ப்பதற்கு மண்டியிட்ட ஒட்டகம்போல் இருக்கும். அழகு என்று சொல்லமாட்டேன்.

இனி உயரத்தின் கணக்குக்கு வருவோம். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. 18,000 அடியில் காற்றழுத்தம் தரையிலுள்ளதில் பாதி. 35,000 அடியில் ஏறக்குறைய கால் பங்கு. எஞ்சின் பெட்ரோலை மட்டும் உண்டு வாழ்வதில்லை. காற்றையும் சேர்த்தே உண்கிறது. காற்றை அமுக்கிக் கொடுக்கும் கருவி பூட்டாத சாதாரண எஞ்சின் 18,000 அடியில் பாதி ஆற்றலையே தரும். 35,000 அடியில் கால் பங்கும் கிட்டாது.

வரவு இவ்வாறு சுருங்க, செலவோ பெருகுகிறது. மெல்லிய காற்றில் அதே பாரத்தைத் தாங்க இறக்கை விரைந்து செல்லவேண்டும். 35,000 அடியில் இவ்வேகம் தரையருகே வேண்டியதைப்போல் சுமார் 1.8 மடங்கு. இழுவிசை அதேயளவாயினும், வேகம் மிகும் விகிதத்தில் ஆற்றலும் அதிகமாக வேண்டும். சம்பளம் காலாகக் குறைந்து, மளிகைச் செலவு இரட்டிப்பை நெருங்கிய குடும்பத்தை நம் தாய்மார்கள் எண்ணிப் பார்க்கலாம்!

விமானம் ஏறுவது எஞ்சினின் மொத்த ஆற்றலால் அன்று. பறப்பதற்கான செலவு போக எஞ்சிய மிச்சத்தால்தான். மிச்சம் குறையக் குறைய ஏற்றம் தளர்கிறது. நிமிடத்துக்கு 100 அடி மட்டுமே ஏறமுடியும் உயரத்தை நடைமுறை உச்சி என்பர். அதற்கும் மேலே ஏற்றம் அறவே நின்றுபோகும் உச்சி ஒன்றுண்டு. அங்கே வேகத்தைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் விமானம் இறங்கத் தொடங்கும். ஆதலால் உயரம் நாடுவோன் பெரிய எஞ்சினைத் தேடுவதற்குமுன் எடையைக் குறைக்கவேண்டும். ஒட்டும்போது கூடுதலாகப் பூசிய ஒவ்வொரு கரண்டிப் பிசினும் மேலே தன் கடனைக் கேட்கும். இன்ஜினுக்கேற்ற பாரம் பார்த்தே வண்டியை மலைப்பாதையில் அனுப்பும் நமக்கு இது புதிய செய்தியன்று.

இயந்திரத்தைவிட மனிதனின் நிலைதான் எனக்கு அச்சம் தருவது. பயணி விமானங்களும் 35,000 அடியில் செல்கின்றன. ஆனால் அவற்றினுள் காற்றை அழுத்தி நிரப்பியிருக்கிறார்கள். லாங்-ஈஸியில் அவ்வசதி இல்லை. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 54 டிகிரி. பிராணவாயு முகமூடி நழுவினால், அறிவு தெளிவாக இயங்குவது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையில்தான். அதனினும் கொடுமை, மூச்சுத் திணறல் தோன்றாமலே மயக்கம் வருவதாகும். மனம் களிப்படைகிறது, எல்லாம் செவ்வனே நடப்பதாக எண்ணுகிறான், கை தவறான பிடியைத் திருப்புகிறது. சுமார் 34,000 அடிக்கு மேலே சுத்தமான பிராணவாயுவையே சுவாசித்தாலும் தரைமட்டத்தின் அளவு நுரையீரலுக்குக் கிட்டாது. தனியே அமர்ந்திருப்பவனை எச்சரிக்க அருகில் எவருமில்லை.

இத்தகைய உயரத்துக்காகவே லாங்-ஈஸி பிறந்ததென்று கொள்ளவேண்டாம். குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு போவதே அதன் இயல்பு. 1997-இல் டிக் ரூட்டானும் மைக் மெல்வில்லும் இரண்டு லாங்-ஈஸிகளில் சேர்ந்து உலகைச் சுற்றி வந்தார்கள். என்னைக் கேட்டால், அவர்களுடைய பயணத்தையே விரும்புவேன். கீழே மனிதர் வாழும் ஊர்களாவது கண்ணுக்குத் தெரியும்!