வீதி விளக்கும் ஜாம் போத்தலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவிகள் தத்தமது துறைபற்றிப் பேசும் இவ்வரிசையில் எங்களையும் பேசும்படி செயலாளர் கேட்டார். வைத்தியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் நடுவில் நாங்கள் எதைப் பேசுவது என்றோம். "நீங்கள் லைற் சேர்க்கிற கதையைச் சொல்லுங்கோ" என்றார். அதையே சொல்கிறோம்.

நாங்கள் அக்கா, தங்கை இருவர். இலண்டனின் தென்பகுதியில் குறொய்டனில் வசிக்கிறோம். ஒருவர் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர், மற்றவர் கணக்காளர். வார இறுதி நாட்களில் பழைய வீதி விளக்குகளைத் திருத்துகிறோம். வீட்டுப் பின்வளவிலுள்ள கொட்டிலில் இப்போது 14 விளக்குகள் இருக்கின்றன. "நகை சேர்க்கிற வயசிலை இதுகள் லைற் கம்பம் சேர்க்குதுகள்" என்று அம்மா வந்தவர் போனவர்க்கெல்லாம் சொல்லுவார். நாங்கள் கம்பம் சேர்ப்பதில்லை என்பதை இந்தச் சபையில் பதிவு செய்ய விரும்புகிறோம். ஒரு கொங்கிறீற் கம்பம் நூற்றுக்கணக்கான கிலோ எடை. கம்பத்தின் தலையிலிருக்கும் கூட்டை மட்டுமே எடுக்கிறோம்.

இங்கிலாந்தில் இது அப்படியொன்றும் புதினமான பொழுதுபோக்கு அல்ல. பழைய புகையிரத இயந்திரங்களைத் திருத்துபவர்கள் போல வீதி விளக்குகளைத் திருத்துபவர்களும் அங்கே இருக்கிறார்கள். வீதி விளக்கின் வரலாற்றில் அந்நாட்டுக்குப் பெரிய பங்குண்டு. 1807 இல் இலண்டன் பால் மால் வீதியில் வின்சர் என்ற ஜேர்மனியர் வாயு விளக்கை எரித்துக் காட்டினார். வாயு விளக்குகள் இலண்டனில் இன்றும் ஆயிரத்துக்கு மேல் எரிகின்றன. 1881 இல் கோடல்மிங் என்ற சிற்றூர் மின்சாரத்துக்கு மாறியது. மூன்று வருடத்தில் கட்டுப்படியாகாமல் மறுபடி வாயுவுக்கே திரும்பிவிட்டது. எங்கள் குறொய்டனுக்கும் ஒரு பெருமை உண்டு. சோடியம் விளக்கு பிரித்தானியாவில் முதன்முதலாக 1932 இல் ஏற்றப்பட்டது அங்குள்ள பேர்லி வே வீதியில்தான். இன்று அந்த வீதி தளபாடக் கடைகளாலும் வாகன நெரிசலாலும் நிறைந்திருக்கிறது. அதைப் பார்த்து யாரும் பெருமைப்படுவதாகத் தெரியவில்லை.

அந்தச் சோடியம் விளக்குத்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. காரணத்தைச் சொல்வதானால் இந்தக் கல்லூரிக்குத்தான் வரவேண்டும்.

1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எங்களில் மூத்தவர் சாதாரண தரம் எழுதியது 1992 இல், இளையவர் 1994 இல். இரண்டு பரீட்சைகளுக்கும் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். எமது வயதினருக்கு விளக்கம் தேவையில்லை, தங்கைகளுக்காகச் சொல்கிறோம். மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருள். கிடைத்தாலும் யானை விலை. அரிக்கன் லாம்பு அதைக் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, பஞ்சு நனையுமளவுக்குச் சிறிது எண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றைக் கம்பியில் பொருத்தி எரிப்போம். சுடர் ஒரு பயறளவு இருக்கும். போத்தல் கண்ணாடி காற்றை மறிக்கும். அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள் படிக்கலாம், நான்காவது பிள்ளை வந்தால் அதன் தலை நிழல் மற்றவர்களின் கொப்பியில் விழும். விமானச் சத்தம் கேட்டால் "விளக்கை நூருங்கோ" என்று வீடு வீடாகக் குரல் போகும். எங்களுக்கு வெளிச்சம் எவ்வளவு அருமையோ அவ்வளவு பயமும்கூட. வீதிகளில் விளக்குக் கம்பங்கள் நின்றன. அவற்றில் விளம்பரம் ஒட்டினார்கள், ஆடு கட்டினார்கள். எரிந்து கண்டதில்லை.

அப்படி வளர்ந்த நாங்கள் 1998 இல் ஒரு மார்கழி இரவில் இலண்டனில் இறங்கியபோது, நெடுஞ்சாலை முழுவதும் செம்மஞ்சள் ஒளி. ஒருவரும் நடக்காத வீதிக்குக்கூட விடிய விடிய விளக்கு. அந்த நிறத்தை நாங்கள் முன்பே அறிந்திருந்தோம். எமது இரசாயனவியல் ஆசிரியை ஸ்பிரிட் விளக்கின் சுவாலையில் கறியுப்பைத் தூவிக் காட்டிய அதே நிறம். சோடியம் அணுக்கள் வெளிவிடும் 589.0, 589.6 நனோமீற்றர் கோடுகள் இரண்டையும் பரீட்சைக்காக மனனம் செய்திருந்தோம். அந்த இரண்டு கோடுகளையும் ஒரு நாடு முழுக்கக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கும் என்று யார் கண்டது?

பின்னர் எங்கள் வீதியிலும் எல்.ஈ.டி. விளக்குகள் மாட்ட ஆட்கள் வந்தார்கள். கழற்றிய கூடுகளை லொறியில் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒன்று தரமுடியுமா என்று கேட்டோம். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் எழுதும்படி சொன்னார். எழுதினோம், அனுமதி வந்தது. இதை ஏன் சொல்கிறோமென்றால், வீதியிலிருக்கும் விளக்கு எவ்வளவு பழையதாயினும் அது சபையின் சொத்து. அனுமதிக் கடிதம் இல்லாத ஒரு பொருள்கூட எங்கள் கொட்டிலில் இல்லை.

முதலாவதாகக் கிடைத்தது தோர்ன் பீற்றா 5 என்ற கூடு. 35 வாற்று விளக்குக்கானது, பிரித்தானியக் குடிமனை வீதிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்டது. திறந்தால் பல வருடத்துப் பூச்சிகளும் சிலந்தி வலையும். ஒளிபுகும் மூடியை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் ஊறவைத்துப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தும்பால் தேய்த்தால் கீறல் விழுந்து மூடி பாழாகிவிடும். இறப்பர் ஓரம் கல்லாகியிருந்தது. புதிது வெட்டிப் போட்டோம். மின்சார வேலைதான் கவனம். இந்த விளக்கைத் தூண்ட 400 வோல்ற்றுக்கு மேல் தேவை, அதற்கெனத் தனி மின்மாற்றி உண்டு. புவித் தொடுப்பைச் சோதிக்காமல் ஒருபோதும் ஆளியைப் போடுவதில்லை. மிகப் பழைய கூடுகளில் கொள்ளளவிகளுக்குள் நச்சு எண்ணெய் இருக்கலாம், வயர்களில் கல்நார் சுற்றியிருக்கலாம். அவற்றை நாங்கள் தொடுவதில்லை. உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுவோம். விளக்குக் குழாய் உடைந்தால் உள்ளிருக்கும் சோடியம் ஈரத்தோடு சேர்ந்து தீப்பற்றக்கூடும் என்பதால் அதை முட்டையைப் போலக் கையாளுகிறோம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், அது எரியத் தொடங்கும் அந்தப் பத்து நிமிடங்களுக்காக. ஆளியைப் போட்டதும் உள்ளிருக்கும் நியோன் வாயு கடுஞ்சிவப்பாக எரியும். சூடேறச் சூடேறச் சோடியம் ஆவியாகி, சிவப்பு மெல்ல மஞ்சளுக்குள் கரையும். முழு மஞ்சள் வந்ததும் அறையிலுள்ள நிறங்களெல்லாம் செத்துவிடும். ஒருமுறை விருந்துக்கு வந்த உறவினர் ஒருவரின் கிளிப்பச்சைக் காஞ்சிபுரம் சேலை சாம்பல் நிறமாகிவிட்டது. அவர் அடுத்தமுறை வரும்போது "லைற்றை நூர்த்துப்போட்டுக் கூப்பிடுங்கோ" என்றார். நிறம் தெரியாத இந்தக் குறைக்காகத்தான் உலகம் இவ்விளக்கைக் கைவிட்டது. வானியலாளர்களுக்கு மட்டும் கவலை. ஒரே நிறமாகையால் தொலைநோக்கியில் அதை வடிகட்டுவது அவர்களுக்கு இலகுவாக இருந்தது.

2019 அளவில் சோடியம் குழாய்களின் உற்பத்தி நின்றுவிட்டது. எங்களிடம் மிஞ்சியிருப்பவை பதினொரு நல்ல குழாய்கள். எரிக்க எரிக்க ஆயுள் குறையும். அடிக்கடி ஏற்றி நூர்த்தால் இன்னும் விரைவாகக் குறையும். இதில் எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. எரியாத விளக்கு விளக்கல்ல, தகரம் என்பது அக்காவின் கட்சி. எரிந்து முடிந்தால் எங்கள் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்பது தங்கையின் கட்சி. இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு வருடத்தில் நான்கு இரவுகள் ஏற்றுகிறோம். அதிலொன்று கார்த்திகை விளக்கீடு. மற்றொன்று அம்மாவின் நினைவு நாள். இறுதி வருடங்களில் அவருக்கு ஞாபகம் தடுமாறிவிட்டது. வீதியில் வெள்ளை விளக்கு வந்தபின் இரவில் யன்னல் சீலையைத் திறக்கவே விடமாட்டார். முகாம் லைற் என்பார். கொட்டிலில் மஞ்சள் விளக்கை ஏற்றினால் யன்னலருகே கதிரையைப் போட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் கட்டுக்குள் அடங்காத நாட்களில் அந்த விளக்கு இரண்டு குழாய்களின் ஆயுளைத் தின்றது. அதில் எங்களுக்குள் வழக்கு இல்லை.

இங்கே வந்ததும் ஒன்று கவனித்தோம். கல்லூரியின் நூற்றாண்டுக் கண்காட்சியில் வெற்றிக் கேடயங்கள் இருக்கின்றன, பழைய சீருடை இருக்கிறது, 1930களின் புகைப்படங்கள் இருக்கின்றன. ஒரு ஜாம் போத்தல் விளக்கு இல்லை. மின்சாரம் வந்த அன்றே எல்லோரும் கழுவி மிளகாய்த்தூள் போட்டுவிட்டோம் போலும். அதனால்தான் தேடினால் கிடைக்காது. ஆனாலும் எங்காவது ஒரு வீட்டின் பரணில், கரி பிடித்தபடி, கம்பியோடு ஒன்று இருக்கக்கூடும். இருந்தால் தயவுசெய்து கழுவாமல், அப்படியே கொண்டுவந்து செயலாளரிடம் கொடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்தப் பரீட்சைக்குப் படித்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கண்ணாடிப் பெட்டி செய்யும் செலவை நாங்கள் இருவரும் ஏற்கிறோம்.

சோடியம் விளக்கொன்றைக் கொண்டுவந்து காட்டும்படி தங்கைகள் கேட்டிருந்தார்கள். குழாய்க்குள் சோடியம் இருப்பதால் அதை விமானத்தில் கொண்டுவர நாங்கள் துணியவில்லை. பதிலுக்கு நாளை மாலை ஆறரை மணிக்கு இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் யன்னல்களை அடைத்து, ஸ்பிரிட் விளக்கில் உப்புப் போட்டு அதே மஞ்சளைக் காட்டுகிறோம். நல்ல நிறச் சேலையாக உடுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்பிரிட்டுக்கு அதிபர் ஒழுங்கு செய்திருக்கிறார், உப்பு எங்களிடம் இருக்கிறது.