கடன்படாத வீடே உரிமை பேசும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேடையேறினால் அரசியல் யாப்பையும் மொழியுரிமையையும் பற்றிப் பேசுவதே எம்மைப் போன்றாரின் வழக்கம். இன்றோ அடுக்களையையும் அரிசிப் பானையையும் மருந்துப் பெட்டியையும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அரசியலை விட்டுவிட்டோமா? இல்லை. கடனில் மூழ்கிய வீட்டான் கடன் கொடுத்தவன் முன்னே வாய் திறப்பதில்லை. மருந்துக்குக் கையேந்தி நிற்பவன் தன் வாக்கைக் காத்துக்கொள்வதும் அரிது. வீடு தலை நிமிர்ந்து நில்லாத இடத்தில் இனம் தலை நிமிர்ந்து நிற்குமா?

அடுக்களைக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை இத்தீவு நன்கு அறியும். 1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. அவ்வாண்டு முடியுமுன் பிரதம மந்திரி பதவி துறந்தார். அரிசிப் பானை அரசியலன்று என்று இனி யார் சொல்லவல்லார்?

நாம் கண்ட பாடம்

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கமே அறிவித்தது. செப்டெம்பர் மாதக் கணக்கின்படி, கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்க ஏறத்தாழ இருநூறு ரூபா வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. இயந்திரம் வைத்து நீரிறைக்கும் வெங்காயத் தோட்டக்காரனுக்கும் கடற்றொழிலாளிக்கும் அந்த ஒரு நாளின் அறிவித்தல் எத்தகைய இடி என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதி ஒரே எழுத்தில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடையில் வீழ்ந்த விளைச்சலை யார் ஈடு செய்தார்?

மருந்தின் கதை இன்னும் கொடிது. 2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே, மருந்தின்மையால், முன்னரே நாள் குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தனக்கு வேண்டிய மருந்தில் மிகப் பெரும் பகுதியை வெளியிலிருந்து வாங்கும் நாட்டின் கருவூலம் வெறுமையானால், நோயாளியின் கையும் வெறுமையாகும்.

நமக்கோ இது முதற்பாடமன்று. 1990இல் மீண்டும் போர் மூண்டபின், குடாநாட்டார் பொருளாதாரத் தடையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஜாம் போத்தலில் திரியிட்டுச் சிறு விளக்கெரித்தனர். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழச் சாற்றில் துணி வெளுத்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அப்பாடம் மீண்டும் வந்தது. அந்நாள்களில் தாக்குப்பிடித்தவை, பொருள் குவித்த வீடுகள் மட்டுமல்ல. கணக்கும் ஒழுங்கும் அயலாரின் ஒத்துழைப்பும் உள்ள வீடுகளே. அந்த அறிவு பாட்டிமாரோடு மறைந்துபோக விடலாமா?

பானையும் பணமும்

முதலாவதாகச் செய்ய வேண்டியது, வீட்டின் ஒரு மாதச் செலவை ஒரு கொப்பியில் எழுதுவது. உணவு, மருந்து, மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, கடன் தவணை என்று ஐந்து நிரல் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுத வேண்டும். வருமானம் நின்றுபோனால் எத்தனை மாதம் நிற்கலாம் என்ற ஒரே கேள்விக்கு அக்கொப்பி விடை சொல்லும். விடை மூன்று மாதத்துக்குக் குறைவாயின், புதிய மோட்டார் சைக்கிளுக்கும் பெரிய சடங்குக்கும் முன்பாக அக்குறையை நிரப்புவதே கடமை.

கமக்காரர்களுக்கு ஒரு சொல். அறுவடை நாளில் கடன்காரனுக்கு அஞ்சி நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டு, ஐந்தாம் மாதத்தில் கடையில் அரிசி வாங்குவது என்ன கமம்? ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி எனக் கொண்டால், ஐவருள்ள வீட்டுக்கு மூன்று மாதத்திற்கு 135 கிலோ அரிசி வேண்டும். குற்றினால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி தேறும் என்று வைத்தால், ஏறத்தாழ 200 கிலோ நெல். அதையும் அடுத்த போகத்துக்கான விதைநெல்லையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு மிகுதியை விற்பதே முறை. விளைந்த காலத்தில் தன் வீட்டுக்கென எடுத்து வைப்பது சேமிப்பு. தட்டுப்பாட்டுக் காலத்தில் கடைக்கு ஓடி அள்ளிக் குவிப்பது அயலானின் பங்கைப் பறிப்பது. முன்னதை நாம் வேண்டுகிறோம், பின்னதை வெறுக்கிறோம். வளவிலே ஒரு முருங்கை, நாலு மரவள்ளி, பரணிலே ஒடியல், குரக்கன் என்றிருந்தால் பஞ்சம் படலையோடு நின்றுவிடும்.

உத்தியோகத்தர்களே! மாதச் சம்பளத்தை நிலையான பாறையென எண்ணி அதன்மேற் கடனை அடுக்காதீர்கள். 2022இல் சம்பளத்தின் இலக்கம் அப்படியே இருந்தது. அதன் பெறுமதியே கரைந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் பணத்தில் வாழும் வீடுகளும் அவ்வாறே. ஒரு தூணில் நிற்கும் கூரையை எவனும் வீடென்று நம்பி உறங்கமாட்டான்.

சேமிப்பை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த பணத்துக்கு, 2021ஆம் ஆண்டின் வைப்புக் காப்புறுதி விதிகள் நிறுவனமொன்றில் வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே காப்பளித்தன. உரிமமில்லாதவனிடம் கொடுத்த பணத்துக்கு அதுவும் இல்லை. “ஆறு மாதத்தில் இரட்டிப்பு” என்பானும், “இன்னும் இருவரைச் சேர்த்தால் உமக்குப் பங்கு” என்பானும் வாசலுக்கு வந்தால் படலையைச் சாத்துங்கள். அத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவது இந்நாட்டின் வங்கிச் சட்டத்தின்படி குற்றமாகும்.

ஒரு கையெழுத்தின் விலை

நியாயஸ்தலங்களிலே வழக்குரைக்கும் நாம் நாளாந்தம் காண்பது ஒன்றுண்டு. குடும்பங்களின் காணியைப் போர் பறித்தது பாதி; தம் சொந்தக் கையெழுத்தால் இழந்தது மீதி.

நம் முன்னோர் தேசவழமையிலே ஒற்றி என்ற முறையை வைத்திருந்தனர். பணம் கொடுத்தவன் காணியை ஆண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் பயனை எடுப்பான்; முதலைக் கொடுத்ததும் காணி திரும்பும். உடைமை ஒருபோதும் கைமாறாது. இன்றோ அவசரக் கடனுக்கு ஈடாக அறுதி விற்பனை உறுதியே எழுதி வாங்குகின்றனர். “பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்” என்பது வாய்ச்சொல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசின் முன் எழுத்தில் முடிக்கப்பட வேண்டும். வெறும் வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் வலுவில்லை. நம்பிக்கைப் பொறுப்பு என்று வாதாட இடமுண்டாயினும், அவ்வழக்கு முடியுமுன் பிள்ளைகள் தலை நரைத்துவிடுவர். ஆதலால் சொல்கிறோம்: கடனுக்கு ஈட்டு உறுதி எழுதுங்கள், அறுதி உறுதி எழுதாதீர்கள். வாசித்து விளங்காத தாளில், தெரியாத மொழியில் உள்ள தாளில், வெற்றிடம் விட்ட தாளில் ஒப்பமிடாதீர்கள்.

பிணை நிற்போர்க்கும் ஒரு வார்த்தை. “முதலில் கடனாளியிடம் கேள், பின்பு என்னிடம் வா” என்று சொல்லும் உரிமை நம் பொதுச் சட்டத்தில் பிணையாளிக்கு உண்டு. ஆனால் அச்சிட்ட பிணைமுறிகள் பெரும்பாலும் அவ்வுரிமையை அவன் கைவிட்டதாகவே எழுதப்பட்டிருக்கும். பிணை நிற்பது கடன் வாங்குவதற்குச் சமம் என்று கருதியே பேனையைத் தொடுங்கள்.

வீட்டின் உறுதிகள், பிறப்பு, விவாக அத்தாட்சிகள், வங்கிப் புத்தகங்கள், சேமலாப நிதி இலக்கங்கள், அடைவு நகைச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, பிரதிகளை வேறோரிடத்தில் வையுங்கள். அப்பை எங்கேயிருக்கிறதென்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். இடம்பெயர்ந்து ஓடிய நம் மக்களுக்கு இதன் அருமையை நாம் சொல்ல வேண்டுமா?

மருந்துப் பெட்டி

மருத்துவத்திற் சொந்தக் காலில் நிற்பதென்றால் வைத்தியரைத் தள்ளிவிடுவதென்று பொருளன்று. எதை வீட்டிற் செய்யலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அறிந்திருப்பதே அது.

வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் நோய், உட்கொள்ளும் மருந்து, அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருந்தின் வியாபாரப் பெயரை விடப் பொதுப்பெயரே முக்கியம். இவ்வுண்மையை இந்நாட்டிற்கு உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் கொள்கையின் விளைவு. ஒரு கம்பனியின் குளிசை கிடையாதபோது, பொதுப்பெயரை அறிந்தவன் அதே மருந்தை வேறு பெயரில் பெறுவான். அறியாதவன் வெறுங்கையோடு திரும்புவான்.

நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளர் கைம்மருந்து தீருமுன் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். வைத்தியரைக் கேட்டு, இயன்றால் ஒரு மாத மருந்தை மேலதிகமாக வைத்து, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். தட்டுப்பாட்டுக்கு அஞ்சித் தாமாக அளவைப் பாதியாக்குவது ஆபத்து. மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் காத்து வைத்து எல்லாக் காய்ச்சலுக்கும் விழுங்குவது அதனினும் பெரிய ஆபத்து.

வயிற்றோட்டத்தில் குழந்தையைக் கொல்வது நீரிழப்பு. ஜீவனி கிடையாத வேளையில், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில், தேக்கரண்டியால் தட்டையாக அளந்து ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். அளவு தப்பக்கூடாது. மாரி மழையோடு வரும் டெங்குக் காய்ச்சலில் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைத் தொடாதீர்கள். காய்ச்சல் தணியும் நாளே அபாய நாள்; வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் கண்டால் ஒரு நாழிகையும் தாமதியாதீர்கள். வயலிறங்குவோர் எலிக்காய்ச்சலை அறிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தது. வயல் வேலைக்கு முன்னரே சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடியுண்ட உறுப்பை அசைக்காது, மோதிரம் காப்புகளைக் கழற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். விஷமுறி மருந்து அங்கேதான் உண்டு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அவ்வண்டி வடக்கிற்கு வந்தது 2018இல். இன்னும் அவ்விலக்கத்தை அறியாத முதியோர் பலர்.

பரியாரியாரின் அறிவை நாம் இகழவில்லை. ஆனால் மார்புவலிக்கும் பக்கவாதத்துக்கும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது அறிவன்று. அங்கே நிமிடமே உயிர்.

ஊர் சேர்ந்தால்

தனி வீடு எவ்வளவு ஆயத்தமாயினும் ஒரு பெருநோய் அதன் சேமிப்பைத் தின்றுவிடும். ஆகவே ஊர் சேர வேண்டும். நம் மண்ணுக்கு அது புதிதன்று. 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழில் வைத்திய நூல்களை ஆக்கி, 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையொன்றைத் தோற்றுவித்தனர். அரசாங்கம் தரும்வரை காத்திராது செய்துகாட்டிய ஊர் அது.

இன்று ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. இறந்தவனுக்குப் பந்தலிடப் பணம் சேர்க்கும் நாம், அவனை இறவாது காக்க ஏன் சேர்க்கவில்லை? நூறு வீடுகள் மாதம் இருநூறு ரூபா வீதம் கொடுத்தால், ஆண்டுக்கு 2,40,000 ரூபா. நோயாளியைக் கொண்டு செல்லும் செலவுக்கும், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கவும், ஒரு குடும்பம் தாலியை அடைவு வைக்காமற் காக்கவும் அது உதவும். கணக்கு மாதந்தோறும் சனசமூக நிலையத்தின் பலகையில் எழுதப்படட்டும். கணக்கில்லாத சங்கம் கலகத்தில் முடியும்.

இறுதியாக ஒன்று. நாம் நம்மைக் காத்துக்கொள்வதைக் காட்டி, அரசாங்கம் தன் கடமையினின்று நழுவ இடங்கொடோம். இலவச வைத்தியம் பிச்சையன்று, நம் வரிப்பணம். ஆஸ்பத்திரியில் மருந்தில்லையெனில் ஏன் இல்லையென்று எழுத்தில் கேட்போம். கேட்பதற்கு வலிமை வேண்டும். அவ்வலிமை கடனற்ற வீட்டில் பிறக்கும்.

இன்றிரவே வீடு சென்று மூன்று காரியம் செய்யுங்கள். செலவுக் கொப்பியைத் திறவுங்கள். உறுதிப் பையைக் கட்டுங்கள். மருந்துத் தாளை எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் நோயுதவி நிதியைப் பிரேரியுங்கள். உரிமைப் பயணம் நெடும்பயணம். கட்டுச்சோறின்றி எவரும் அதிற் புறப்படலாகாது.