தெரிந்த கதை, தெரியாத முடிவு



1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை வைத்து, 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் ஒரு மேஜை விளையாட்டை வெளியிட்டது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் பாத்திரங்களாகவே பேசுவார்கள். சந்தேகம் வந்தால் ஆறுமுகப் பகடை தீர்ப்புச் சொல்லும். (முருகன் கோபிக்க மாட்டார்!)

சிக்கல் என்னன்னா, டார்த் வேடர் யாருக்கு அப்பான்னு மேஜையில எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பயம் எப்படி வரும்? ஆகவே பிள்ளைகளை இடம் மாற்றினேன். பாலைவனத்தில் வளர்ந்தவள் லேயா. அரண்மனையில் வளர்ந்தவன் லூக். ஹான் சோலோவின் கடனில் மட்டும் கை வைக்கவில்லை. அது போனா ஆளே இல்லை.

வேடர் கை நீட்டினார். லேயாவாக ஆடிய நண்பர் பகடையைத் தொடவே இல்லை. ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.