உயிரியற் பொறிநூற் கல்வி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவிற் கல்விக் குழுவினர் வேண்டுகோட்கிணங்க நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் பணிக்கப்பெற்ற பொருள் உயிரியற் பொறிநூற் கல்வி என்பதாகும். தமிழ்ப் பண்டிதர்க்கும் பொறிநூலுக்கும் யாது தொடர்பு என்று இவ்வவையிற் சிலர் புன்முறுவல் கொள்ளல் கூடும். தொடர்பு உண்டு. பத்தாம் வகுப்பிற் றேறிய பிள்ளையும் அதன் பெற்றோரும் பள்ளி வாயிலில் நின்று, அடுத்து எப்பாடங்களை எடுப்பது என்று மயங்குங் காட்சியை ஆசிரியராகிய யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அந்த ஒரு நாளில் எடுக்கும் முடிவு பிள்ளையின் பிற்கால வாழ்வின் பல கதவுகளைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும். அம்மயக்கத்தைத் தீர்த்தற்பொருட்டே இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. பிள்ளை மருத்துவராதல் வேண்டும். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்து மருத்துவக் கல்லூரியில் இடம் வாய்க்காவிடின், 'உயிர்' என்னுஞ் சொல் பெயரில் உள்ள யாதாயினும் ஒரு படிப்பிற் சேர்த்துவிடலாம் என்பதே அஃது. உயிரியற் பொறிநூலும் உயிரித் தொழில்நுட்பமும் இவ்வாறே மருத்துவம் கிட்டாதார்க்கு ஆறுதற் பரிசாகக் கருதப்படுகின்றன. இவ்வெண்ணம் பொருந்தாது. உயிரியற் பொறிநூல் மருத்துவத்தின் தங்கையன்று. பொறிநூலின் மகளே யாம். பாலத்தைக் கட்டுவோன் இரும்பையும் கல்லையும் கையாளுமாறு, இந்நூல் வல்லான் உயிருள்ள செல்களையும் நுண்ணுயிர்களையும் கையாள்கின்றான். கருவிப்பொருள் வேறு; கணக்கு ஒன்றே.

இதன் உண்மையை ஒரு வரலாற்றால் விளக்குவோம். 1928ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர், ஒருவகைப் பூஞ்சணம் நோய்க்கிருமிகளை வளரவொட்டாது தடுக்கும் பொருளொன்றைச் சுரத்தலைக் கண்டார். அப்பொருளே பெனிசிலின். ஆயினும் அஃது உடனே மருந்தாகிவிடவில்லை. ஆக்ஸ்போர்டு நகரில் புளோரி, செயின், ஹீட்லி முதலிய அறிஞர் போர்க்கால முடையினூடே அதனைப் பிரித்தெடுக்க முயன்றபொழுது, நோயாளிகளின் படுக்கைக்கலங்களையும் பால் ஏனங்களையுங்கூடத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினர். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் அலெக்சாந்தர் என்னும் காவலர் ஒருவர்க்கு அம்மருந்தை ஏற்றினர். கொடிய நச்சுப்புண்ணால் நலிந்த அவர் சின்னாளிற் றேறத் தொடங்கினார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டு மீண்டும் ஏற்றியும் போதவில்லை. நோய் திரும்ப, அவர் உயிர் நீத்தார். மருந்து இன்னதென்று உலகம் அறிந்திருந்தது. அதனை வேண்டுமளவு ஆக்கும் வழியை அறிந்திலது. அறிதலுக்கும் ஆக்குதலுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஓர் உயிர் வீழ்ந்தது.

அப்பள்ளத்தைத் தூர்த்தவர் யாவர்? அமெரிக்க நாட்டுப் பியோரியா நகர ஆய்வுக்கூடத்தினர், மக்காச்சோளத்தை ஊறவைத்த நீர் பூஞ்சணத்துக்கு நல்லுணவாதலைக் கண்டனர். அழுகிய முலாம்பழம் ஒன்றிற் கிடைத்த பூஞ்சணம் மிகுதியாகப் பெனிசிலின் சுரத்தலையும் கண்டனர். பைசர் என்னும் கம்பெனியார் 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் புருக்ளின் நகரில், 7,500 காலன் கொள்ளும் தொட்டிகள் 14 அமைந்த ஆலையை இயக்கத் தொடங்கினர். மருந்து வெள்ளம்போற் பெருகியது. 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் என்னும் மூவர்க்குக் கிடைத்தது. தொட்டிகளை வகுத்த பொறிநூலார் பெயரைப் பலர் அறியார். எனினும் அவர் செய்த தொழிலே இன்று யாம் கூறும் கல்வியின் வித்து.

சிறு குடுவையில் வளர்வதைப் பெருந்தொட்டியில் வளர்ப்பதில் அத்துணை அருமை யாது என்று கேட்கலாம். நால்வர்க்குச் சமைக்கும் கைப்பக்குவம், நானூற்றுவர்க்குச் சமைக்கும் கல்யாணக் கொட்டகையில் அப்படியே உதவாது என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். ஒரு கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பதின்மடங்காக்கினால் அதன் புறப்பரப்பு 100 மடங்காகும். கொள்ளளவோ 1,000 மடங்காகும். உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் வெப்பம் கொள்ளளவையொட்டிப் பெருகும். அது வெளியேறும் வழியோ புறப்பரப்பையே சார்ந்தது. ஆகவே பெருந்தொட்டி தன் சூட்டாலேயே தன்னுள் வாழும் உயிர்களைக் கொன்றுவிடும். இனி, அவ்வுயிர்களுட் பல மூச்சுவிட உயிர்வளி வேண்டும். 25 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரிற் காற்றினின்று கரையும் உயிர்வளி ஏறத்தாழ 8 மில்லிகிராமே. அஃது இமைப்பொழுதிற் றீரும். இடைவிடாது காற்றை ஊட்டிக் கலக்குதல் வேண்டும். மிக விரைந்து கலக்கினாலோ மென்மையான விலங்குச் செல்கள் சிதைந்துபோம். எவ்வளவு காற்று, எவ்வளவு கலக்கல், எவ்வளவு குளிர்ச்சி என்பவற்றை மனத்தால் ஊகிக்க இயலாது. கணக்கிட்டே காணல் வேண்டும். இக்கணக்கே உயிரியற் பொறிநூல்.

நம் இல்லங்களிற் பலர் நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் இன்சுலினும் இக்கல்வியின் பயனே. 1922ஆம் ஆண்டில் தொராந்தோ நகரில் முதன்முதல் மக்கட்கு அளிக்கப்பெற்ற அம்மருந்து, பல்லாண்டுகள் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில் மக்கள் இன்சுலினை ஆக்கும் மரபணுவை நுண்ணுயிர்க்குட் புகுத்தி அதனைச் சுரப்பிக்க அறிஞர் கற்றனர். 1982ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் அதனை மருந்தாக ஏற்றனர். தடுப்பு மருந்துகளும் அத்தகையனவே. நம் நாட்டில் குன்னூர்ப் பாஸ்தர் நிலையம் 1907ஆம் ஆண்டிலும், கிண்டிப் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948ஆம் ஆண்டிலும் தோன்றின. ஆதலின் இத்தொழில் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. இதற்கெனத் தனிப்பட்டம் ஏற்பட்டதே புதிது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் உயிரியற் பொறிநூலில் இளநிலைப் பட்டப் படிப்பை 2005ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தினர். சென்னை ஐ.ஐ.டி.யில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2004ஆம் ஆண்டில் அமைந்தது.

இப்படிப்பின் நான்காண்டுகளிற் கற்பன யாவை? முதலாண்டில் நுண்கணிதம், பௌதிகம், இரசாயனம், கணிப்பொறி நிரல் எழுதுதல் ஆகியன அமையும். அடுத்து ஒருபுறம் உயிர் இரசாயனம், நுண்ணுயிரியல், செல்லியல், மரபணுவியல் என்பனவும், மறுபுறம் வெப்ப இயக்கவியல், பாய்ம ஓட்டம், வெப்பமும் பொருளும் இடம்பெயரும் முறை என்பனவும் வரும். பின்னர் உயிர்வினைக்கலன் வகுத்தல், விளைந்த பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தல், புள்ளியியல் ஆகியவற்றைக் கற்று, இறுதியாண்டில் ஓர் ஆய்வை மாணாக்கர் தாமே செய்து முடிப்பர். இவற்றுட் பாதிக்குமேற் கணிதம் கலந்தவையே என்பதைப் பெற்றோர் உளங்கொள்ளல் வேண்டும். 'கணிதம் கசக்கின்றது, ஆகவே உயிரியல் பக்கம் போகின்றேன்' என்னும் பிள்ளையை இதிற் சேர்த்தல், நீந்த அஞ்சுவோனைப் படகோட்டியாக்க ஆற்றில் தள்ளுதலை ஒக்கும்.

பெயர் மயக்கமும் ஒன்றுண்டு. உயிர்மருத்துவப் பொறிநூல் என்பது இதயத் துடிப்பைப் பதிவு செய்யுங் கருவி, குருதி சுத்திகரிக்கும் பொறி முதலியவற்றை ஆக்கவும் பேணவும் கற்பிப்பது. மின்னணுவியல் அதில் மிகுதி. உயிரித் தொழில்நுட்பம் என்னும் பெயரால் பி.டெக். பட்டமும் உண்டு, பி.எஸ்ஸி. பட்டமும் உண்டு. முன்னது பொறியியற் பட்டம். பின்னது அறிவியற் பட்டம். ஆகவே கல்லூரியின் பெயர்ப்பலகையை மட்டும் நோக்காது, நான்காண்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துப் பார்த்தபின்னரே பணங்கட்டல் வேண்டும்.

இனி, யாம் முதலிற் கூறிய பதினோராம் வகுப்பு வாயிலுக்கு வருவோம். பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்னும் பாடத்தொகுதியை எடுக்கும் பிள்ளைக்குக் கணிதம் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வில் தரத்துக்குரிய 200 மதிப்பெண்ணிற் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என வகுத்துள்ளனர். உயிரியல் மதிப்பெண் அதிற் சேர்வதேயில்லை. ஐ.ஐ.டி.களின் பொறியியற் படிப்புகட்குரிய ஜே.இ.இ. நுழைவுத் தேர்விலும் கணிதம், பௌதிகம், இரசாயனம் என்னும் மூன்றே உள. எனவே கணிதத்தை விட்ட பிள்ளைக்கு இவ்விரண்டனுள் மருத்துவமே வாயிலாகும். அஃது அடைபடின் இவ்வழிகளிற் பொறிநூல் வாயிலும் அடைபட்டே நிற்கும். கணிதத்தையும் உயிரியலையும் ஒருங்கே எடுத்தால் இரு வாயிலும் திறந்தே நிற்கும். பாடச்சுமை மிகுதிதான். ஆயினும் பதினைந்து வயதில் ஒரு வாயிலை அடைத்துவிட்டுப் பதினேழு வயதில் அதன்முன் நின்று வருந்துதலினும் அச்சுமை இலேசானது.

பட்டம் பெற்றபின் நிகழ்வதையும் மறையாது கூறல் எம் கடன். நான்காண்டு முடிந்தவுடன் பெருஞ்சம்பளம் என்று எண்ணுதல் வேண்டா. இத்துறையில் ஆய்வு, மருந்தாக்கம் முதலிய உயர்ந்த பணிகள் பலவற்றிற்கு முதுநிலைப் பட்டமேனும், சிலவற்றிற்கு முனைவர் பட்டமும் வேண்டப்படுகின்றன. பட்டம் பெற்றோர் பலர் கணிப்பொறிக் கம்பெனிகளிற் புகுதலும் உண்டு. அஃது இழிவன்று, ஆயினும் அதற்கு இத்துணை நெடும்பயிற்சி வேண்டுவதின்று. மருந்தாலைகளும் தடுப்பு மருந்தாலைகளும் ஐதராபாத்து, பெங்களூர், புனே முதலிய நகரங்களிற் செறிந்துள்ளன. ஆகவே பிள்ளை ஊரை விட்டுப் போதல் நேரும். ஆறாண்டு, ஒன்பதாண்டு காத்திருக்கும் பொறுமையும் கையிருப்பும் உண்டா என்பதைக் குடும்பத்தார் முன்னரே கலந்து பேசல் நன்று.

இங்கே பெண்மக்களைப் பற்றிப் பேசாது செல்லல் தகாது. மகனுக்கு நான்காண்டு போதாதெனின் மேலும் ஈராண்டு படிக்க வைக்கின்றோம். மகளுக்கோ நான்காண்டு முடியுமுன்னரே சாதகம் எடுத்துவிடுகின்றோம். முதுநிலையிலேதான் பயன் தொடங்கும் கல்வியை இளநிலையோடு அறுத்துவிடின், பயிரைக் கதிர் ஈனும் பருவத்தில் அறுத்த உழவரை ஒப்போம். பெனிசிலினை வாணிக அளவில் ஆக்கும் முதல் ஆலையை வகுத்தவர் மார்கரெட் ஹட்சின்சன் என்னும் அம்மையார். அவர் 1937ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறிநூலில் முனைவர் பட்டம் பெற்றார். 1939ஆம் ஆண்டில் மணம்புரிந்தார். பெனிசிலின் ஆலையை வகுத்தது அதன் பின்னரே. கல்வியும் இல்லறமும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டினரையும் காண்மின். மருத்துவம் பயில விரும்பி அது வாய்க்காத கிரண் மஜும்தார் அம்மையார் ஆஸ்திரேலியா சென்று, நொதிக்க வைத்துப் பீர் வடிக்கும் தொழிலைக் கற்றார். பெண் என்பதால் அத்தொழிலில் ஈண்டு இடம் மறுக்கப்பட்டார். 1978ஆம் ஆண்டில் பெங்களூரில் வாடகை வீட்டு வண்டிக்கொட்டகையில் 10,000 ரூபாய் முதலிட்டுப் பயோகான் கம்பெனியைத் தொடங்கினார். அக்கம்பெனி 2004ஆம் ஆண்டில் தானே ஆக்கிய மக்கள் இன்சுலினை நம் நாட்டில் விற்கத் தொடங்கிற்று. மருத்துவம் கிட்டாமை அவர்க்குக் குறையாகவில்லை. ஏனெனில் கற்றதனை ஆறுதலாகக் கொள்ளாது ஆர்வத்தாற் கற்றார்.

தமிழ் வழியிற் பயின்ற பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு அஞ்சுதலை யாம் அறிவோம். முதற் பருவம் அவர்க்குக் கடினமே. ஆயினும் மாவு ஏன் புளிக்கின்றது, சூடு ஏன் பரவுகின்றது என்பதைத் தமிழிற் றெளிவாகச் சொல்ல வல்ல பிள்ளை, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஓராண்டிற் கற்றுக்கொள்ளும். சொல் பின்னர் வரும்; பொருள் முன்னர் வேண்டும்.

முடிவாக, நம் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன், பாடத்தொகுதியைத் தேர்ந்தெடுக்கு முன்னரே, பெற்றோர்க்கு ஆலோசனைக் கூட்டம் நடத்துதல். அரசுப் பள்ளி மாணாக்கர்க்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்க 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தையும் அக்கூட்டத்தில் எடுத்துரைத்தல் வேண்டும். இரண்டு: நம் கல்வி நிதியின் உதவியை இளநிலையோடு நிறுத்தாது முதுநிலைக்கும் நீட்டித்தல், அதில் மகன், மகள் என்னும் வேறுபாடு காணாமை. மூன்று: நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் கணித வகுப்பு நடத்துதல். அவ்வகுப்பின் கதவை எக்குலத்துப் பிள்ளைக்கும் திறந்து வைத்தல் நம் சங்கத்துக்குப் பெருமையே தரும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு எப்பட்டம் வேண்டும் என்று வினவுமுன், எவ்வேலையைச் செய்யுங்கால் அதற்குப் பசியும் மறக்கின்றது என்று வினவுமின். கணிதத்திலும் உயிரியலிலும் ஒருங்கே அவ்வாறு ஆழும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின், அதனை இக்கல்விக்குத் துணிந்து அனுப்புமின். இன்றேல் வேறு நல்வழி காட்டுமின். மருந்து தீர்ந்தமையால் மாண்ட அக்காவலரைப் போன்றார் இன்னும் உலகிற் பலர் உளர். அவர்க்கு வேண்டும் மருந்தை வேண்டுமளவு ஆக்கித் தரும் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் சேர்வனவாக.